சீற்றில பொலித்தீன், கதையில சொகுசு

யாழ்ப்பாணத்தில் பெரிய கார் வைத்திருக்கும் ஒருவரிடம் "கார் எப்பிடி அண்ணை?" எண்டு கேட்டுப் பாருங்கள். நாலு வசனம் வரும். "சோபா மாதிரி." "ஏசி போட்டா நுவரெலியா." "வெளிச்சத்தம் ஒண்டும் கேளாது." "போறதே தெரியாது." கலியாண வீட்டிலும் இதே நாலு, கராஜிலும் இதே நாலு, விற்பனை விளம்பரத்திலும் இதே நாலு. கார் மாறும், வருசம் மாறும், வசனம் மாறாது.

இந்த நாலு வசனத்தையும் இனி நம்ப வேண்டாம் என்பதுதான் எங்கள் வாதம். அண்ணைமார் பொய் சொல்லுகினம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லுகிறார்கள். "இந்தக் கார் என்ன பெறுமதி?" என்ற கேள்விக்கு. "இதுக்குள்ள இருக்கிறதும் இதை ஓட்டுறதும் எப்பிடி இருக்கு?" என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆட்களை, அதாவது பின் சீற்றில் ஏறுகிறவர்களையும் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களையும், யாரும் கேட்பதேயில்லை.

பெரிய கார் எண்டால் என்ன?

அமெரிக்காவில் முழு அளவுச் செடான் என்றால் ஐந்து மீற்றர் நீளம். அங்கே பொலிஸ்காரரும் ரக்சிக்காரரும் வருசக்கணக்காக ஓட்டிய போர்ட் கிறவுண் விக்ரோறியா கிட்டத்தட்ட 5.4 மீற்றர். எங்கட ஊரில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது ரொயோட்டா பிறிமியோவும் அதோடு கூடப் பிறந்த அலியனும். நீளம் 4.6 மீற்றர் அளவு, அகலம் 1.695 மீற்றர். ஜப்பானில் அகலம் 1.7 மீற்றரைத் தாண்டினால் கார் வேறு வகைக்குள் போய்விடும் என்பதால் அதற்குள் அடக்கிச் செய்தது. அந்த நாட்டுக் கணக்கில் அது ஒரு அடக்கமான குடும்பக் கார். எங்கட ஒழுங்கைக்குள் வந்தால் அதுவே கப்பல். கண்ணாடி இரண்டையும் மடித்தால்தான் சில இடங்களில் வேலிக்கும் மதிலுக்கும் நடுவால் போகும்.

ஆக, நாங்கள் பேசுவது உலகக் கணக்கில் பெரிய காரைப் பற்றி அல்ல. ஊர்க் கணக்கில் பெரியதைப் பற்றி. வெளிநாட்டில் இருந்து வந்த மாமாவை ஏற்றுகிற கார், மாப்பிள்ளை அழைப்புக்குப் பூக்கட்டுகிற கார், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் நாள் வாடகைக்குப் போகிற கார்.

ஏன் எல்லாரும் புகழினம்?

2020 மார்ச்சில் இந்த நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் என்ன நடந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். பாவித்த கார் வாங்கின விலையை விடக் கூட்டி விற்கப்பட்டது. உலகத்தில் அநேகமான இடங்களில் கார் கடையை விட்டு வெளிக்கிட்ட கையோடு விலை இறங்கத் தொடங்கும். இங்கே அது காணி மாதிரி ஏறியது. இறக்குமதி திறந்த பிறகும் வரி அடிக்கிற அடியில் பழைய காருக்கு மவுசு குறையவில்லை.

காணி விக்கிறவர் "கிணத்துத் தண்ணி உப்பு" எண்டு வாயால சொல்லுவாரோ? கார்க்காரரும் அப்படித்தான். இண்டைக்கு இல்லாவிட்டாலும் இன்னும் மூண்டு வருசத்தில் விற்கப்போகிற பொருள் அது. "முதுகு நோகுது", "அந்த ஸ்கிறீனில என்ன எழுதியிருக்கெண்டு எனக்கு விளங்கேல்லை" எண்டு ஊருக்குள் ஒருதரம் சொன்னால் அது விலையில் அடிக்கும். இந்த நாட்டில் கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அந்தக் காரின் விற்பனை முகவரும் கூட. முகவரின் கருத்தைப் பாவனையாளர் கருத்து எண்டு எடுக்கிறது எங்கட பிழை.

இதற்கு அத்தாட்சி வேணுமெண்டால் சீற்றைப் பாருங்கள். கார் வந்தபோது போட்டிருந்த பொலித்தீன் உறை இன்னும் கழட்டப்படாமல் இருக்கும். சித்திரை வெய்யிலில் பத்து நிமிசம் வெளியே நிண்ட கார். அந்தப் பொலித்தீனில் சேட்டோடு ஒட்டிக்கொண்டு இருந்துகொண்டுதான் "சோபா மாதிரி" எண்டு சொல்லுகிறார். அவர் இன்னும் அந்தச் சீற்றில் இருந்து பார்க்கவேயில்லை! அந்தத் துணியின் சுகம் அடுத்து வாங்கப்போகிறவருக்காகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது.

பொலித்தீன் போடாதவர்கள் றெக்சீன் உறை தைக்கிறார்கள். இங்கேதான் பகிடி முடிகிறது. சில கார்களில் முன் சீற்றின் ஓரத்துக்குள்ளேயே பக்கக் காற்றுப்பை இருக்கும். பக்கத்தால் இடிபட்டால் தையலைப் பிரித்துக்கொண்டு அது வெளியே வரவேண்டும். அதற்கு மேலே இறுக்கித் தைத்த உறை போட்டால் அது எப்படி வரும்? பின் சீற்றில் பெல்ற் கொழுவுகிற பூட்டு உறைக்குக் கீழே புதைந்து கிடக்கும். முன் சீற் பெல்ற்றை 2011இல் சட்டம் கட்டாயமாக்கியது, பொலிசுக்குப் பயந்து முன்னால் போடுகிறோம். பின்னால் இருக்கிற பிள்ளைக்குப் போட விரும்பினாலும் பூட்டைத் தேடிக் கண்டுபிடிக்க ஏலாது. உறை போட்டவரைக் கேட்டால் "சொகுசுக்குத்தான் போட்டனான்" எண்டுவார்.

ஆருக்குச் சொகுசு?

"பின் சீற் சரியும், தெரியுமோ?" எண்டு பிறிமியோக்காரர் பெருமையாகச் சொல்லுவார். உண்மைதான், சரியும். ஆனால் ஆச்சி அந்தச் சீற்றுக்குள் போய்ச் சேருகிறாவோ எண்டு யோசித்தீர்களா?

செடான் எண்டால் பதிந்த கார். முழங்கால் நோவுள்ள ஒருவர் ஏறுவதென்றால் குனிந்து, தலையை உள்ளே விட்டு, பின்பக்கமாக விழுந்து, பிறகு காலை ஒவ்வொண்டாகத் தூக்கி வைக்க வேணும். இறங்கும்போது இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க வேணும். சேலையோடு இதைச் செய்து பாருங்கள். ஊரில் பிள்ளைகள் எல்லாரும் கனடாவிலும் லண்டனிலும். வீட்டில் இருப்பது வயதுபோனவர்கள். அவர்களைப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறதுதான் இந்தக் கார்களின் மிக முக்கியமான ஓட்டம்.

இதே ஆட்கள் சுசூக்கி வாகன் ஆர் காரைப் "பெட்டி" எண்டு நக்கலடிப்பார்கள். ஜப்பானின் சின்னக் கார் வகையில் வருவது அது, நீளம் 3.4 மீற்றருக்குள். ஆனால் சீற் கிட்டத்தட்ட இடுப்பு உயரத்தில் இருக்கிறது. ஆச்சி கதிரையில் இருக்கிற மாதிரி இருந்துவிட்டுக் காலைத் திருப்பினால் சரி. "பெட்டி" அவவுக்குச் சொகுசு, "சோபா" அவவுக்குத் தண்டனை. சொகுசு காருக்குள் ஒட்டி வருகிற பொருள் இல்லை. ஏறுகிற உடம்பைப் பொறுத்து அது மாறும்.

அடுத்தது ஓட்டுகிறவர். கட்டுநாயக்காவுக்கு எயார்போட் ஹயர் போகிற றைவர் தம்பிக்கு ஒரு வழிக்கே 400 கிலோமீற்றர் அளவு. இரவிரவாக ஓடிப்போய், தரிப்பிடத்தில் ஏசியை நிப்பாட்டிப்போட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து, வந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேணும். சீற்றின் உயரத்தையும் ஸ்ரேறிங்கின் சரிவையும் மாற்றலாம். ஆனால் "என்ர செற்றிங்கை மாத்தாத" எண்டு முதலாளி சொல்லியிருப்பார். வீட்டில் மகள் ஓடினாலும் அதே சட்டம். அஞ்சரை அடி அப்பாவுக்குப் பொருந்தின இருக்கையில் அஞ்சடி மகள் கால் எட்டாமல் பிறேக்கைத் தேடுகிறாள். "பொம்பிளையளுக்கு பெரிய கார் ஓடத் தெரியாது" என்ற முடிவு பிறகு தானாக வரும். ஒரு நெம்பை இழுக்க விட்டிருந்தால் அந்த முடிவுக்கே இடமில்லை.

"வெளிச்சத்தம் கேளாது" என்ற புகழையும் ஒருக்கால் யோசியுங்கள். 2014இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. கடவைகள் எல்லாவற்றுக்கும் கேற் வரவில்லை. கேற் இல்லாத கடவையில் உங்களைக் காப்பாற்றுவது கண்ணும் காதும். கண்ணாடியை ஏற்றி, ஏசியைக் கூட்டி, பாட்டைப் போட்டுக்கொண்டு, ரயில் ஊதுவது கேளாத காருக்குள் இருந்து சொகுசு எண்டு சொல்லுகிறோம். கடவைக்கு முன்னால் கண்ணாடியை இறக்கு எண்டு ஒரு முதலாளியாவது தன் றைவருக்குச் சொன்னதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

கார் கதைக்குது, எங்களுக்கு விளங்கேல்லை

இனி முக்கியமான விசயம். இங்கே ஓடுகிற பிறிமியோ, அலியன், அக்சியோ எல்லாம் அநேகமாக ஜப்பான்காரருக்காகச் செய்து, அங்கே பாவித்து, பிறகு இங்கே வந்தவை. அதனால் அவை ஜப்பானிய மொழி பேசும்.

திறப்பைப் போட்டவுடன் ஒரு பெண்குரல் ஏதோ சொல்லும். அந்த நாட்டு நெடுஞ்சாலையில் சுங்கம் கட்டுகிற அட்டை போடப்படவில்லை எண்டு சொல்லுகிறது. குடாநாட்டில் சுங்கம் கட்டுகிற றோட்டே இல்லை! றேடியோவைப் போட்டால் எங்கட அலைவரிசைகளில் பாதிக்கு மேல் வராது, ஏனெண்டால் அங்கே பண்பலை 76இல் இருந்து 90 மெகாஹேட்ஸ் வரைதான் இருந்தது, எங்கட நிலையங்கள் 108 வரை போகும். அதற்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கிப் பொருத்துகிறோம். வழிகாட்டி வரைபடத்தைத் திறந்தால் ஜப்பான். இதெல்லாம் சிரிப்புக்கு உரியது, சிரித்துவிட்டுப் போகலாம்.

சிரிக்க ஏலாதது வேறு. 2016இல் புதுப்பித்து வந்த பிறிமியோவில் முன்னால் மோதப்போவதைக் கமராவாலும் லேசராலும் கண்டு எச்சரிக்கிற ஏற்பாடு வந்தது. அது சத்தம் போட்டு, எழுத்திலும் சொல்லும். அந்த எழுத்து எங்களுக்குக் கோலம். சத்தம் மட்டும் கேட்கும். "சென்சர் பிழை, வயரைக் கழட்டி விடு" எண்டு வயரிங்காரரிடம் போகிறார்கள். கைபிறிட் கார்களில் பெரிய பற்றறியைக் குளிராக்கக் காற்று உள்ளே போகிற வழி ஒண்டு இருக்கும், பிரியஸில் அது பின் சீற்றுக்குப் பக்கத்தில். அதை மறைக்காதே எண்டு சொல்லுகிற வாசகம் எங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். அந்த இடத்தில்தான் நாங்கள் பயணப்பையையும் அரிசி மூட்டையையும் சாத்தி வைப்போம். எங்கட செம்மண் தூசியும் சேர்ந்து அடைக்க, பற்றறி சூடேறிச் சாகும். பிறகு லட்சக்கணக்கில் செலவழித்துப்போட்டு "கைபிறிட் எண்டாலே சரிவராது" எண்டு கருத்துச் சொல்லுவோம்.

"படம் இருக்குத்தானே, எண்ணெய் ரின் படம், பற்றறிப் படம், அது உலகம் முழுக்க ஒண்டுதானே?" எண்டு கேட்பீர்கள். ஓம், படம் ஒண்டுதான். ஏதோ பிரச்சினை எண்டு அது சொல்லும். என்ன செய்யவேணும் எண்டு எழுத்துத்தான் சொல்லும். "பாதுகாப்பான இடத்தில் உடனே நிப்பாட்டு" என்பதற்கும் "நேரம் கிடைக்கும்போது காட்டு" என்பதற்கும் நடுவில் ஒரு எஞ்சின் இருக்கிறது, சிலவேளை ஒரு உயிரும்.

இந்த மண்ணில் காரும் எழுத்தும் சேர்ந்த ஒரு வரலாறு உண்டு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதற்குப் பின் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' வந்தபோது வடக்கும் கிழக்கும் அதை எதிர்த்து எழும்பின. 1957இலும் 1958இலும் அந்த எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள், தமிழ் ஸ்ரீ எழுதிய தகட்டோடு ஓடினார்கள், சிறைக்கும் போனார்கள். இரண்டும் ஒண்டல்ல எண்டு எங்களுக்குத் தெரியும். அது அரசு திணித்தது, இது சந்தையில் நாங்களே காசு குடுத்து வாங்கியது. ஆனாலும் யோசியுங்கள். காருக்கு வெளியில் இருந்த ஒரு எழுத்துக்காக அப்படி நிண்ட ஊர், காருக்கு உள்ளே ஒரு எழுத்துக்கூட வாசிக்க ஏலாமல் இருந்துகொண்டு "எல்லாம் சொகுசு" எண்டு சொல்லுகிறது. விற்கிறவரிடம் "இதைத் தமிழில் எழுதித் தாங்கோ" எண்டு கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

கேம்பிரிட்ஜ் காலம்

"அந்தக் காலத்துக் கேம்பிரிட்ஜ் மாதிரி வருமோ?" எண்டு பெரியவர்கள் சொல்லுவது எங்களுக்கும் கேட்டுப் புளித்த கதை. ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் இங்கே பல பத்து வருசம் ஓடின. அவற்றைத் தெய்வமாக்க நாங்கள் தயாரில்லை. ஸ்ரேறிங் திருப்பத் தோள் கழரும், காற்றுப்பை கிடையாது, புகை கண்ணை எரிக்கும்.

ஆனால் ஒரு விசயம் உண்மை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாதபோது அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குக் காட்டி ஸ்ராட் ஆக்குவார்கள். எஞ்சின் சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெய் பிடிக்கும் எண்டு அவர்களுக்குத் தெரியும். நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஓட்டுகிறவருக்குத் தன் காரின் ஒவ்வொரு குமிழும் ஏன் இருக்கிறது எண்டு தெரிந்திருந்தது. அந்த ஆட்கள் சொன்ன கருத்துக்குப் பெறுமதி இருந்தது. இண்டைக்கு முப்பது பொத்தான் உள்ள காரில் ஆறு பொத்தானைப் பாவித்துவிட்டு முழுக் காருக்கும் தீர்ப்புச் சொல்லுகிறோம்.

அளந்து சொல்லுகிற ஆட்களும் உண்டு

"உங்களிட்டக் கார் இல்லை, எரிச்சலில கதைக்கிறியள்" எண்டு சொல்லுவார்கள். கார் இல்லாதவர்தான் பின் சீற்றில் ஏறுகிறார், ஒழுங்கையில் காருக்கு வழிவிட்டு வேலியோடு ஒட்டி நிற்கிறார். அவருக்கும் கருத்து இருக்கும். "உழைச்சு வாங்கினதைப் புகழக் கூடாதோ?" எண்டும் கேட்பார்கள். தாராளமாகப் புகழுங்கள். வாங்கப்போகிற இன்னொருவர் அதை நம்பிக் கடன் எடுக்கிறார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சுவீடனில் கார் வைத்திருப்பவர்களுக்காக ஒரு சஞ்சிகை வருகிறது. 'வீ பீல்ஏகாறெ' என்ற அதன் பெயருக்கு அர்த்தம் 'கார்க்காரராகிய நாங்கள்'. 2022இல் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். மணிக்கு 110 கிலோமீற்றரில் ஓடும்போது சீற் சூட்டைப் போடுவது, றேடியோ நிலையம் மாற்றுவது போன்ற சில சாதாரண வேலைகளைச் செய்ய எவ்வளவு நேரம் போகிறது எண்டு மணிக்கூடு வைத்து அளந்தார்கள். 2005ஆம் ஆண்டின் பழைய வொல்வோவில், பொத்தான்களோடு, 10 விநாடி. தொடுதிரை வைத்த ஒரு புதுச் சீனத் தயாரிப்புக் காரில் கிட்டத்தட்ட 45 விநாடி. அந்த நேரத்துக்குள் கார் 1.3 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவிட்டது. ஐரோப்பாவில் கார்ப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் குடுக்கிற யூரோ என்காப் அமைப்பும் 2026இல் இருந்து சிக்னல், ஹோன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் தடவி அறியக்கூடிய பொத்தான் இருந்தால்தான் முழு மதிப்பெண் எண்டு விதி மாற்றியிருக்கிறது.

இதைச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. இறக்குமதி திறந்த பிறகு பெரிய திரை வைத்த மின்சாரக் கார்கள் யாழ்ப்பாணத்துக்கும் வரத் தொடங்கிவிட்டன. "ரீவி மாதிரி ஸ்கிறீன்" என்பது ஐந்தாவது வசனமாகச் சேரப்போகிறது. மழை நேரம் கண்ணாடி புகார் பிடித்தால் அந்த ரீவிக்குள் எத்தினையாம் பக்கத்தில் காற்றைத் தேடுவது எண்டு இப்போதே கேட்க வேணும்.

என்ன செய்யலாம்?

நாங்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை.

விற்பவர்களுக்கு: ஒவ்வொரு காரோடும் இரண்டு பக்கத் தாள் தாருங்கள். எந்தப் பொத்தான் என்ன, எந்த எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேணும் எண்டு தமிழில். கோடிக்கணக்கில் வாங்குகிறீர்கள், இரண்டு தாள் அச்சடிக்கக் காசு இல்லையோ?

வாங்குபவர்களுக்கு: அந்தத் தாள் கைக்கு வராமல் முற்பணம் குடுக்காதீர்கள். வாங்க முதல் வீட்டில் மூத்தவரைக் கூட்டிக்கொண்டுபோய் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கொழும்பில் நிக்கிற காரைப் படத்தில் பார்த்து ஓம் சொல்லாதீர்கள்.

வைத்திருப்பவர்களுக்கு: பொலித்தீனைக் கழட்டுங்கள். பின் சீற் பெல்ற் பூட்டை வெளியே எடுங்கள். சீற் ஓரத்தில் காற்றுப்பை எண்டு எழுதியிருந்தால் உறையை எடுங்கள். காற்றுப் போகிற வழியைத் துப்பரவாக்குங்கள். சீற்றை மாற்றுகிற உரிமையை ஓட்டுகிறவருக்குக் குடுங்கள்.

யூரியூப்பில் கார் காட்டுகிற தம்பிமாருக்கு: பெயின்ற் மினுங்குவதை நாங்களும் பார்க்கிறோம். பின் சீற்றில் உங்கட அம்மாவை இருத்திப் பருத்தித்துறைக்குப் போய்வந்துவிட்டு அவவைக் கதைக்க விடுங்கள்.

வாசிக்கிற உங்களுக்கு: கைத்தொலைபேசியில் கமராவைப் பிடித்தால் ஜப்பானிய எழுத்தை மொழிபெயர்க்கிற வசதி இப்போது எல்லாரிடமும் உண்டு. வீட்டுக் காரில், தெரிந்தவர் காரில் வருகிற எச்சரிக்கைகளைப் படம் எடுத்துத் தமிழில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் சரிபார்த்து, கார் வகை வாரியாகத் தொகுத்து, இலவசமாகப் போடுவோம். பிறிமியோவில் இருந்து தொடங்குகிறோம்.

அதுவரைக்கும், அடுத்தமுறை யாராவது "சோபா மாதிரி" எண்டு சொன்னால் மரியாதையாக ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "பின்னுக்கு இருந்த அம்மா என்ன சொன்னவ, அண்ணை?"